பத்தி ஏழு: சந்தை மதிப்பு

பானெட்டைத் திறந்ததும் முதலில் தேடியது
டிஸ்ட்ரிபியூட்டரை.
முன்னால் இருந்தால் பெரிய என்ஜின்.
இது பின்னால், ஃபயர்வாலை ஒட்டி,
குரூப் போட்டோவில் கடைசி வரிசைக்குப் போனவன்போல்
நின்றிருந்தது.
சின்னது.
முந்நூற்றுப் பதினெட்டு கன அங்குலம் என்று எழுதிக்கொண்டேன்.

"நானூத்தி நாப்பதா இருந்திருந்தா?"
ரூபன் தியோடர் தன் போனை நீட்டினார்.
அதில் இதே டாட்ஜ் டார்ட், இதே அறுபத்தொன்பது,
விலையின் சைபர்களை இரண்டு முறை எண்ணினேன்.
"இருந்திருந்தா வேற கதை சார்."

எஸ்டேட் பிரிந்தாயிற்று.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைக்கூட
தலைக்கு இத்தனை என்று எண்ணிப் பிரித்தாயிற்று.
காரை அறுக்க முடியாது.
எடுப்பவர் மற்றவருக்குப் பாதி தர வேண்டும்.
எதில் பாதி என்று சொல்லத்தான்
சேலத்திலிருந்து நான், காலை பஸ்ஸில், ஃபைலோடு.

அவருடைய அக்கா சுகிர்தா விலையே கேட்கவில்லை.
"ஏறுங்க" என்றார்.

இடப்பக்க ஸ்டீயரிங்.
வலப்பக்கம், எதிரே வருவதெல்லாம் என் மடிமேல் வருகிற இடத்தில்,
நான்.

இருபதாவது கொண்டை ஊசி.
முறுக்குப் பொட்டலத்தோடு சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு
நகரவில்லை, தலையை மட்டும் திருப்பியது.
பதினேழு.
பதினான்கில் ஏறி வந்த அரசுப் பேருந்து
சாலை முழுவதையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டது.
என் வலது கால் ரப்பர் மேட்டில்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
அவர் இரண்டாம் கியருக்கு இறக்கினார், அவ்வளவுதான்.
கார் மூக்கை உள்ளே மடித்து,
ஓரத்துக் காட்டாமணக்கு உரசப் போய் நின்று,
திரும்பியது.

"பெரிசுன்னா பானெட்டுக்குள்ள
இன்னொரு ஆள உட்கார வெச்ச மாதிரி சார்.
நேர் ரோட்டுல ராஜா.
இங்க நேர் ரோடு எங்க இருக்கு?"

ஒன்று எட்டு நான்கு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு.
எட்டு சிலிண்டரும் வெடிக்கும் முறை இது.
ரேஷன் கடையில் இப்படி நின்றால் அடிதடி நடக்கும்.
இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும்
அந்தக் கலைந்த வரிசைதான்
சீட்டுக்கு அடியில் கொழகொழவென்று
எதையோ சொல்லப் பார்த்தது.

பதினொன்றில் எனக்கு ஒரு ஆசை வந்தது:
ஒரு சைபர் கூட்டிப் போட்டால் என்ன?

அடிவாரம். டீக்கடை.
"என்ன மைலேஜ்க்கா தரும்?" என்றான் கிளாஸ் கழுவுகிறவன்.
"நாலு. இறங்கும்போது ஆறு."
அவன் தன் டிவிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டான்.

பெஞ்சில் ஃபைலை விரித்தேன்.
முன்சக்கரம், டிரம் பிரேக். கழி.
கேஸ்கெட், லீ பஜாரில் ஷீட் வாங்கி வெட்டியது. கழி.
ரேடியேட்டர், செவ்வாய்ப்பேட்டைக் கைவேலை. கழி.
பெயின்ட் ஒரிஜினல் இல்லை.
தேடி வாங்குகிறவர்கள் தேடுவதும் இதை இல்லை.
வளைவுகளை எழுத
பத்தி ஏழில் கட்டம் கிடையாது.
வந்த தொகையை வந்தபடி எழுதினேன்,
மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு திருப்பிக் காட்டினேன்.

சுகிர்தா விரல்விட்டுப் பாதியைக் கணக்குப் போட்டார்.
மறுபடியும் போட்டார்.
"கட்டிரலாம் சார்.
காபிப் பணம் வந்ததும் கட்டிரலாம்."
டீக்காசையும் அவரே கொடுத்தார்.
"பெரிசா இருந்திருந்தா
இந்த வண்டி எனக்கு ஏது?"

ரூபனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
இவ்வளவுதானா என்று வந்தது.
இவ்வளவுதான் என்று போட்டுவிட்டு
டவுன் பஸ்ஸுக்கு நின்றேன்.
என் ஃபீஸில் யார் பாதி என்பது இன்னும் முடிவாகவில்லை.

மலையில் அது ஏறுவது கேட்டது.
மூன்றாவது வளைவு வரை.
நான்காவதாகவும் இருக்கலாம்,
நடுவில் ஒரு ஜல்லி லாரி போனது.