குழித்துறை, நாலே முக்கால்

சூரத், இந்தூர், மறுபடி சூரத்.
முந்திரிப்பருப்புக்கு விலை பேசிவிட்டு
நாலே முக்காலுக்குக் குழித்துறையில் இறங்குகிறார்
ஏசுவடியான்.

சுவிட்சைத் தேடி
இடது சுவரைத் தடவுகிறது கை.
அது போன வாரத்து அறை.

குளியலறையிலும் லாட்ஜ் சோப்புதான்,
ஊர் ஊராகக் கொண்டுவந்து குவித்தது.
இரட்டைக் கட்டிலில் ஒரு பாதி
இன்னும் கடை விறைப்போடு.

ரப்பர் இலைகளில் மழை பிடித்துக்கொள்கிறது.
நல்ல மழை என்று
யாரிடமாவது சொல்லத் தோன்றி
போனில் ஒன்பதை அழுத்துகிறார்.
ஒன்பது, ரிசப்ஷன்.

விடிந்ததும் பெட்டியோடு
தனிஸ்லாசின் டீக்கடை.
மேசைமேல் வீட்டுச் சாவியை வைக்கிறார்.
"எப்பம் வருவீரு?"
"தெரியல்ல. ரூம் காலிதான்."

தனிஸ்லாஸ் சிரித்தபடி
சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டுகிறான்.
மேம்பாலத்தடியில் திருவனந்தபுரம் பஸ்
ஹாரன் அடிக்கிறது.

ஏசுவடியான் நகரவில்லை.
ரசீதுக்காக நிற்கிறார்.