இரண்டு ஈ

செவ்வாயும் வெள்ளியும் கட்டு மாற்றும் நாள்.
சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி, பச்சைத் திரைக்குப் பின்னால்
என் இடதுகாலை மடியில் ஏந்திக்கொண்டு
நொம்புசோ நோட்டில் எழுதுவாள்.
தலைகீழாய்ப் படிக்க எனக்கு வரும்.
செருப்பு ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம்
சூப்பர்வைசரின் கணக்கை அப்படித்தான் படித்தேன்.

போன வெள்ளி அவள் எழுதியது:
ஹீல், ஹீலிங்.
இரண்டிலும் இரண்டு ஈ.

குதிகாலுக்கு இரண்டு ஈ சரி.
குணமாவதற்கு ஒன்றுதான், பக்கத்தில் ஓர் ஏ.
திருத்த வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.
இரண்டு ஈ போட்ட ஹீலிங் என்றால்
செருப்புக்குக் குதி அடிப்பது.
என் பிழைப்பே அதுதானம்மா.
நாளைக்கு நானூறு ஜோடி,
ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு,
டர்பன் சீமாட்டிகள் டக்டக்கென்று நடக்க.
இப்போது என் குதியில் ஓர் ஓட்டை,
ஐம்பது காசு அகலம்.
ஆறு மாதமாய் ஆறவில்லை.
சர்க்கரை.

டாக்டர் மூட்லி சின்னப் பையன்.
ஹீல் ஆகும் அங்கிள் என்பான்,
யார் செய்வார் என்று சொல்லமாட்டான்.
அந்தச் சொல் அப்படி.
வைத்தியன் புண்ணை ஹீல் செய்யலாம்,
புண் தானே ஹீல் ஆகலாம்,
ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சட்டை.
ஆள் ஒளிந்துகொள்ள வசதி.
தமிழில் ஆறுவது வேறு, ஆற்றுவது வேறு.
நடுவே ஓர் ஒற்று நின்றுகொண்டு
யாரப்பா அது என்று கேட்கும்.

தொண்ணூற்றாறில் ரேடியோ நாள் முழுக்க
அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னது.
நாடு ஹீல் ஆகிறதாம்.
என் தம்பி தனபாலன்,
பதினான்கு மாதம் உள்ளே இருந்து வந்தவன்,
ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி கேட்டான்.
பிறகு எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான்.
கத்தவில்லை.
"யாரு?" என்று மட்டும் கேட்டான்.
ரொட்டியை முழுக்கத் தின்றான்.
அந்த வெண்ணெய்க் கத்தி
இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது.
அவன் இல்லை.

இன்று உப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது.
நொம்புசோ விரல்நுனி வைத்து வெடுக்கென்று எடுத்தாள்.
கிண்ணத்தைப் பார்த்து, போலா, என்றாள்.
சூலு மொழியில்,
முரண்டு பிடிக்கும் பிள்ளையிடம் சொல்வதுபோல.
பழைய கட்டை அவிழ்த்து
புண்ணைப் பார்த்தும் அதையே சொன்னாள்.
போலா.

"தண்ணிக்கும் புண்ணுக்கும் ஒரே சொல்லா?"
"யெபோ. சூடு போகணும், ரெண்டுக்கும்.
உங்க மொழியில வேறேயா?"
வேறில்லை என்றேன்.
ஆறு என்று தண்ணீருக்குச் சொல்வோம்,
காபிக்கு, கோபத்துக்கு, காயத்துக்கு.
அவள் சொல்லிப் பார்த்தாள்.
ற அவள் வாயில் உருண்டு ஓடியது.
அப்புறம் பேச்சில்லை.
கிண்ணத்தின் ஆவியைப் பார்த்துக்கொண்டு
இருவரும் காத்திருந்தோம்.
திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

போகும்முன் எழுத்துப் பிழையைச் சொல்லிவிட்டேன்.
"ஒரு ஈயை விரட்டிவிடு.
எங்களுக்கு ஈ என்றால் எழுத்து மட்டுமல்ல,
புண்ணில் வந்து உட்காருமே, அதுவும்."
தோள் குலுங்கச் சிரித்தாள்.
என் குதிக்கு மேலே ஒருமுறை கையை வீசினாள்.
பிறகு பேனாவால் நோட்டில் ஒன்றை அடித்தாள்,
ஏ போட்டாள்.

அளவுகோலை வைத்தாள்.
இருபத்தொரு மில்லிமீட்டர்.
போன வாரமும் இருபத்தொன்று.
அதை மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.