ஏழு-ஆ-பத்தொன்பது

ஒரு மாங்கொட்டைக்குள் ஐந்து முளை இருக்கலாம்.
நாலு, தாயின் அச்சு.
ஒன்று மட்டும் மகரந்தத்தின் பிள்ளை.
எந்த மரத்து மகரந்தம் என்று
இலையானைத்தான் கேட்கவேணும்.

அடிக்கட்டைக்கு எங்களுக்கு வேண்டியது அச்சு.
இலை ஒத்து, உயரம் ஒத்து
காலைப் பிரார்த்தனை வரிசைபோல் நிற்கவேண்டும் கன்றுகள்.
வேறாய்த் தெரிவதைப் பிடுங்கு:
நானே தட்டெழுதி
நாற்றுக்கூடக் கதவில் நானே ஒட்டிய விதி.

ஏழாம் பாத்தி, ஆ வரிசை, பத்தொன்பது.
தண்டு கோணல். இலை சுருள்.
கசக்கி மணந்தால் மாவிலை வாசமே இல்லை,
மண்ணெண்ணெய்போல் ஏதோ.
பிடுங்கக் குனிந்த நேரம் வங்கியிலிருந்து அழைப்பு.
அடைவு வைத்த காப்புக்கு
அன்றோடு தவணை முடிகிறதாம்.
கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச்
சைக்கிளை மிதித்தேன் திருநெல்வேலிச் சந்தியால்.
பிறகு அதை நான் நினைக்கவேயில்லை.

மாசியில் உப்பைத் தொடங்கினோம்.
கைதடியில், கடல்நீரேரிப் பக்கம், செபமாலையின் கிணறு.
சவுக்காரம் நுரைக்காத தண்ணி,
எவ்வளவும் அள்ளுங்கோ என்றார்.
தவச்செல்வம் லாண்ட்மாஸ்டரில் கான் கானாய்க் கொண்டுவந்தான்.
முதலில் கால் பங்கு, பிறகு அரை,
சித்திரை வெயிலில் முழுச் சவர்.

அம்பலவி வரிசை முதலில் விழுந்தது.
கடதாசி எரிவதுபோல்
நுனியிலிருந்து உள்ளே கருகிக்கொண்டு வரும் இலை.
செம்பாட்டான் ஆடிவரை மல்லுக்கட்டியது.
நான் புள்ளி போட்டபடி நடந்தேன்:
ஒன்று, மூன்று, மூன்று, ஐந்து.
ஐந்தென்றால் செத்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பையில்
ஆவணி முடிய ஐந்து விழாதவை பதினொன்று.
பூச்சியம் விழுந்தது ஒன்றுக்குத்தான்.
தவச்செல்வம் லேபலின் உப்பைத் துடைத்து வாசித்தான்.
"அக்கா, உது நீங்கள் பிடுங்கின கன்றெல்லே?"

நாற்பது துண்டு வெட்டி நட்டதில்
வேர் விட்டது எட்டு.
எட்டின்மேலும் கறுத்தக்கொழும்பானை
ஆப்பாய்ச் சீவி இறக்கிப் பொலித்தீன் நாடா சுற்றினோம்.
மூன்றாம் வருடச் சோளகத்தில் ஐந்து போயின.
முறியவில்லை, பிரிந்தன.
ஒட்டிய இடத்தில், பிஸ்கட் உடைந்ததுபோல் மழமழவென்று.
உள்ளே ஒரு நார்கூட மற்றதைக் கோத்திருக்கவில்லை.
இவ்வளவு நாளும் பக்கத்தில் நின்று
தண்ணீர் மட்டும் கொடுத்து வாங்கியிருக்கின்றன.
மற்ற மூன்றும் நிற்கின்றன.
ஏன் என்பதற்கு அறிக்கையில்
அரைப்பக்கம் வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

பழம் வந்தபோது பணிப்பாளர் வெட்டிச் சாப்பிட்டார்.
அசல் கறுத்தக்கொழும்பான், என்றார்.
கை கழுவினார்.
பத்தொன்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை;
வேருக்கு அதுதான் சித்தி.

ஆனால் மூன்று மரம் தோட்டம் ஆகாது.
விதை வேண்டும்.
அதனால் வேலையைத் தலைகீழாய்ச் செய்திருந்தேன்:
பத்தொன்பதின் கொப்பொன்றை
வாசலடி வெள்ளைக்கொழும்பானின் உச்சிக்கு ஏற்றி ஒட்டினேன்.
காவலாளி ஒவ்வொரு பங்குனியும் கேட்பார்,
மேலே அந்த விசர்க் கொப்பு பூக்காதோ என்று.

ஆறாம் வருடம், இந்த வைகாசியில், பூத்துக் காய்த்தே விட்டது.
கோழிமுட்டை அளவு. தடித்த தோல்.
ஒரு துண்டு வாயில் வைத்த தவச்செல்வம்
துப்பிவிட்டு, செபமாலையின் கிணறு பரவாயில்லை என்றான்.

எனக்குப் பழம் தேவையில்லை.
கொட்டையைக் காயவைத்துக்
கத்திமுனையால் ஓட்டை நெம்பினேன்.
ஒற்றை முளை என்றால் இத்தனை வருடமும் இத்தோடு சரி.
மஞ்சள் பருப்பில் ஒன்று.
அதன் இடுக்கில் இன்னொன்று, அவரைவிதை அளவு.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் எண்ணினேன்.

நாலு.

நாலையும் தனித்தனிப் பையில் வைத்தேன்.
இதில் எது வேறு என்று தெரிய
ஆறு கிழமை ஆகும்.
கையுறையைக் கழற்றி
விதி ஒட்டியிருந்த கதவின் ஆணியில் மாட்டினேன்.