கீழ்க்குரல்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள்
இறுதி அறிக்கை போய்ச் சேர வேண்டும்,
ரோத்லிஸ்பெர்கர் அறக்கட்டளைக்கு.
பன்றித் தீவனத்தில் செழித்த குடும்பம்.
'உலகம் நம் வாசலில்' என்று நிதிக்குப் பெயர்.
எங்கள் வாசல் தெற்கு டகோட்டாவில்,
பனியை வாரிக் குவித்த வண்டி நிறுத்தத்துக்குப் பக்கத்தில்.

பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
ஜார்ஜியாவிலிருந்து மூன்று பாடகர்கள்.
அட்லாண்டா இருக்கிற ஜார்ஜியா இல்லை என்று
விண்ணப்பத்தில் இரண்டு இடத்தில் எழுதினேன்.
அப்படியும் முதல்வர் கேட்டார்,
விமானம் எதற்கு, பேருந்து போதாதா என்று.

ஸ்வியாதுக்கு விசா கிடைத்தது. தாரியேலுக்கும்.
அம்ப்ரோசிக்குக் கிடைக்கவில்லை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி
என்ன பாடுவாய் என்றாராம்.
கீழ்க்குரல், ஐயா.
ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
அதற்கு அங்கேயே ஆள் கிடைக்காதா?

அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
கல்லூரித் தேவாலயத்தில் அறுபத்தொரு பேர்.
எண்ணினேன், எண்ணுவதற்குத்தான் சம்பளம்.
இருவரும் நடுவில்
ஓர் ஆள் நிற்கும் அகலம் விட்டு நின்றார்கள்.
தொடங்கினார்கள். நிறுத்தினார்கள்.
தங்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.
பெஞ்சுகளில் எல்லோரும் மரியாதையாகப்
பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம்.

தாரியேல் குனிந்தான்.
தரையில் இருந்த இரும்புச் சல்லடை மேல்
காதை வைத்தான்.

கீழே நிலவறையில் எங்கள் கொதிகலன்,
ஐம்பத்தெட்டில் வாங்கியது.
வெர்லின் ஹௌகி ஒருவனுக்குத்தான் அடங்கும்.
திட்டித் திட்டி ஓட்டுவான்,
போதகர் காதில் விழாத தூரத்தில்.

உம்ம்ம் என்று அது எப்போதும் போல் இரைந்துகொண்டிருந்தது.
முப்பது வருடமாக அதன் மேல்தான்
நாங்கள் ஜெபித்திருக்கிறோம்,
ஒரு நாளும் கேட்டதில்லை.
தாரியேல் அதன் சுருதியை எடுத்தான்.
ஸ்வியாத் அதற்கு மேலே ஏறினான்,
கோழி கூவுவது போல, பிறகு அப்படி இல்லாமல்.
கடைசி வரிசையில் வெர்லின்
தொப்பியைக் கழற்றிவிட்டான்.

விருந்தில் ஏழு முறை கோப்பை உயர்த்தினார்கள்,
ஒரு முறை அந்த விசா அதிகாரிக்காகவும்.
எங்கள் வளாகத்தில் திராட்சை ரசம் என்றால்
புளிக்காதது. குடித்தார்கள்.
தாரியேலின் முகத்தை மட்டும்
அறிக்கையில் சேர்க்க முடியாது.

விதி நான்கு, ஆ பிரிவு:
கட்டடம், வெப்பம், பராமரிப்பு
இவற்றுக்கு இந்நிதியைச் செலவிடலாகாது.
செலவிடவில்லை. அது இலவசமாக ஒத்து ஊதியது.

'பங்கேற்ற கலைஞர்கள்' என்ற கட்டத்தில்
மூன்று என்று அடித்தேன். அழித்தேன்.
கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் இது,
இரண்டு என்று அடித்தேன்.
அம்ப்ரோசியின் சன்மானம் திருப்பித் தர வேண்டியது.
அவன் விமானச் சீட்டுப் பணம் திரும்பி வராதது.
இரண்டுக்கும் தனித்தனி விளக்கக் கடிதம்.
'எதிர்பாராத விளைவுகள்': ஐந்நூறு எழுத்துக்குள்.
மூன்று நாளாக அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.

நேற்று இரவு ஏழு மணிக்கு நிலவறைக்குப் போனேன்.
குத்தாயிசியில் விடியற்காலை ஐந்து.
தாரியேல் சொல்லியிருப்பான் போல,
அம்ப்ரோசியே கேட்டு எழுதியிருந்தான்:
அதை ஒரு முறை கேட்க வேண்டும்.
வெர்லின் விளக்கைப் பிடித்தான்,
நான் கைபேசியைக் கொதிகலனிடம் நீட்டினேன்,
குழந்தையிடம் நீட்டுவது போல. கூச்சமாக இருந்தது.

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சில்லை.
அழைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:
கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, அம்மா.
வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெர்லின் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறான்.