பதினொரு பவுண்டு அதிகம்

வெள்ளிக்கிழமை இரவு. நீல நோட்டு.
மின்மீட்டர் சாவியில் காசு ஏற்றிக்கொண்டு வந்தேன்.
முனைக்கடை நஸீர் இந்த முறை
"இவ்வளவுதானா?" என்று கேட்கவில்லை.
குனிந்து ரசீதைக் கிழித்தார்,
நல்ல மனிதர்.

டண்டீயில் நவம்பர்.
ஆற்றுக் காற்று மலைத்தெரு ஏறி
எங்கள் பதினோராம் மாடியைத்தான் முதலில் விசாரிக்கும்.

கெட்டிலில் இரண்டு கோப்பைக்கு மேல்
தண்ணீர் கூடாது. சட்டம் என்னுடையது.
பை வெந்து இறக்கியதும்
அவனின் கதவு திறந்தே இருக்கட்டும்,
அந்தச் சூட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது.
பற்பசைக் குழாயின் வயிற்றைக் கீறினால்
இன்னும் ஐந்து நாள்.
ஊனாவுக்கு வயது ஏழு.
நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே
விளக்கை அணைத்துவிட்டுப் போகிறாள்.
இருட்டில் சோப்பைத் தேடினேன்,
திட்ட வாய் வரவில்லை.
ஸ்ட்ரூவன் கோடையில் இரண்டு அங்குலம் வளர்ந்தான்.
யாரைக் கேட்டு?

இரவு எட்டு மணிக்கு சூப்பர் மார்க்கெட்டில்
மஞ்சள் சீட்டு ஒட்டும் பையன் வருவான்.
அதுவரை ஆறேழு பேர்
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்
தயிர் டப்பாவின் பின்பக்கம் படிப்போம்.
கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு.
இந்த ஊரில்
தயிரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த அளவு
வேறு யாருக்கும் தெரியாது.
நேற்று ஒரு கிழவர்
எனக்கென்று ஒரு கோழியை
கீழ்த்தட்டில் கேரட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.
நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்று
கேரட்டைப் பார்த்துச் சொன்னேன்.

பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து
இருந்ததை எண்ணி,
நோட்டில் கூட்டினால்
கணக்கு உதைக்கிறது.

உதைப்பது புதிதல்ல.
மாதக் கடைசியில் துண்டு விழும்,
தேடினால் அகப்படும்:
எழுத மறந்த பால்,
பள்ளியில் யாருக்கோ பிறந்தநாள்.
இது அப்படியில்லை.
இருக்க வேண்டியதைவிட
பதினொரு பவுண்டு அதிகம்.

காசு குறைந்தால் யாரைக் கேட்பது என்று
எந்த வீட்டுக்கும் தெரியும்.
கூடினால்?

மீண்டும் கூட்டினேன். பென்சிலை மாற்றிக் கூட்டினேன்.
கிரெகர் சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தான்.
ஆஸ்பத்திரியில் நாளெல்லாம்
நோயாளிகளைத் தள்ளுகிறவன்,
அசதி இருக்கும்.
ஆனால் கதவருகே அவன் ஷூ.
உள்ளே திணித்த செய்தித்தாள் ஈரம்.
இடது குதிகால் தேய்ந்து
ஒரு பென்ஸ் நாணயம் அளவுக்கு
உள்ளிருந்து சாலை தெரிகிறது.

மூன்று நாள் பஸ் காசு.
போக ஒரு மணி, வர ஒரு மணி,
மழையில்.
"பஸ் லேட்" என்றான் செவ்வாயன்று.
"பஸ் லேட்" என்றான் புதனன்று.
பஸ்ஸை நானும் சேர்ந்து திட்டினேன்.

எழுப்பிக் கேட்டிருக்கலாம்.
கேட்டால் அவனும்
நோட்டைப் புரட்டுவான்.
என் கையெழுத்தில் நான்கு மாதமாய்
திங்கள் முதல் வெள்ளிவரை
ஒரே வரி: மதியம், சூப், இரண்டு பவுண்டு.
அந்த சூப்பை நான் குடித்ததில்லை.
அது ஊனாவின் நீச்சல் வகுப்பு,
மிச்சம் ஒரு பழைய கையுறைக்குள்.
எந்தக் கிண்ணம், எந்த ருசி என்று
அவன் கேட்டிருந்தால் அன்றே மாட்டியிருப்பேன்.
கேட்கவில்லை.
கேட்கத் தெரியாமலா?

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே,
இந்த வீட்டில் ஒருத்தி வாயைக் கட்டினாள்,
ஒருவன் காலை அவிழ்த்துவிட்டான்.

வரவுப் பக்கத்தில் இடம் இருந்தது.
"நடை, 11" என்று எழுதினேன்.
பிறகு ரப்பரை எடுத்து அழித்தேன்.
அழித்த இடம் சற்றுக் கருத்துத் தெரிகிறது,
இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை அவன் எழுமுன்
ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
அடிப்பாகம் மாற்ற
பதினான்கு பவுண்டு சொன்னார்,
பேரத்துக்கு அசையவில்லை.
ஆக, மிச்சம் பிடித்த வகையில்
நட்டம் மூன்று.

சூப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
இப்போது உதைக்கவில்லை கணக்கு.