கல்லைப் பற்றி மனுவில் எழுதவில்லை

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் படுத்தார்.
முதுகுக்கு ஒரு சாக்குகூடக் கேட்கவில்லை.
அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்,
லேசில் மசிகிற ஆள் இல்லையென்று.

சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார்.
டங். டங். டங்.
பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொத்.
அந்த இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார்.
அவித்த பனங்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

"கடலோர வண்டி சார்" என்றேன்.
"தெரியுது" என்றார்.

ஆறு வருஷமாய் ஐஸ் உருகி ஒழுகிய தண்ணீர்,
சூடையும் காரலும் விட்ட தண்ணீர்,
கச்சான் அடிக்கும் மாதங்களில்
ரோட்டுக்கே வந்து கண்ணாடியில் காய்கிற உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
மனுஷருக்குத்தான் சொல்லிவைத்தார்கள்.
இரும்புதான் அதைக் கேட்டிருக்கிறது.

பிறகு ஹேண்ட் பிரேக்.
மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொன்னார்.
இழுத்தேன், பல் பல்லாய்க் கரகரத்து மேலே வந்தது.
காலை எடுத்தேன்.
வண்டி நின்றதா நகர்ந்ததா என்பதில்தான்
எங்கள் இருவருக்கும் வழக்கு.
ஒரு சாண் என்றார் அவர்.
நாலு விரல்கூட இராது.

"பேரு?"
"நம்புச்செல்வி."
என்னைக் கூப்பிடுகிற எல்லோருமே
நம்பு, நம்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
அவருக்கு அது வெறும் பெயராகவே கேட்டது.
எழுதிக்கொண்டார்.

சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.
கருங்கல் ஒன்று, ஒரு பக்கம்
டயரின் வளைவுக்குத் தேய்ந்து போனது.
"இது எதுக்கும்மா?"
"சும்மா கிடக்குது சார்."

டீக்கடையில் ஏஜென்ட் துரைசிங்கம் சொன்னார்:
"மூவாயிரம் குடு. இவர் லீவு போடுற நாளாப் பாத்துத் தாரேன்."
நியாயம் என் பக்கம் இருக்கையில் காசு எதற்கு?
பெரிய அதிகாரிக்கே மனு எழுத உட்கார்ந்தேன்.

ஐயா, மேற்படி வாகனம்
கோயில்வாடி ஜெட்டிச் சரிவில்
தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு
முழு லோடுடன் நிறுத்தப்படுகிறது.
இன்றுவரை ஒரு அங்குலமும் நகர்ந்ததில்லை.

அங்கே பேனா நின்றது.

நான் இன்ஜினை அணைக்கும் சத்தம்.
கதவைச் சாத்தும் சத்தம்.
சூசை கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் போடும் சத்தம்.
யாரும் சொல்லாமலே போடுவான்.
மூன்றும் சேர்ந்தே கேட்டுக் கேட்டு,
மூன்றாவதையும் வண்டியின் சத்தம் என்றே
நினைத்திருந்திருக்கிறேன்.

பழைய எஃப்.சி.க்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
மறுநாள் ஜெட்டியில், பன்னிரண்டு பெட்டி பாறை ஏறியபின்,
"கல்லு வேண்டாம்டா, எடு" என்றேன்.
எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான்.
நான் பின்னால் போய்
கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்றேன்.

ஒன்றுமில்லை.
பார்த்தீர்களா ஐயா, என்று வாய்க்குள் சொன்னேன்.
அப்புறம், தூக்கத்தில் மாடு சாய்வதுபோல்
மெதுவாக என் கைக்குள் கனம் வந்தது.
அவசரமே இல்லாமல் வந்தது.
குதிகால் ஈர சிமெண்டில் வழுக்கியது.
என் முதுகுக்குப் பின்னால், சரிவின் அடியில்,
நாலு பெண்கள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
கனிமொழி எதற்கோ சிரித்தாள்.

டொக்.
சூசையிடம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனுவைத் திருத்தினேன்.
ஹேண்ட் பிரேக் வரியை அடித்தேன்.
சேஸிஸ் வரியையும் அடித்தேன்.
(உச்சிப்புளியில் வெல்டிங்குக்குப் பதினோராயிரம் கேட்கிறார்கள்,
அது வேறு கதை.)
மிச்சம் ஒரு காரணம்:
பின்பக்கம் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் இல்லை.

இருந்தது ஐயா.
போன வெள்ளிக்கிழமை ஒட்டியது,
நூற்றெண்பது ரூபாய், ரசீது இணைத்துள்ளேன்.
மேலே மீன்செதில் காய்ந்து மூடியிருந்தது.
அதிகாரி நகத்தால் ஒரு தடவை
சுரண்டிப் பார்த்திருக்கலாம்.

இதை மட்டும் நான் விடுவதாக இல்லை.