ஒற்றுப்பிழை

அமீனாவை இங்கே உசியே என்பார்கள்.
அவர் வந்தபோது என் மேசைமேல்
ஃப்ளாக் பக்கத்துக் கரும்புக்காடு ஒன்று கிடந்தது;
அண்ணனுக்கும் தங்கைக்கும் பிரித்துக்கொண்டிருந்தேன்.
"மதாம் சின்னப்பென்? இங்கே ஒரு கையெழுத்து."

நாற்பத்திரண்டு பக்கம். மூன்றாவதில் நான்:
நான்காம் பிரதிவாதி, பிரமாணம் எடுத்த நில அளவையாளர்,
ட்ரூ தோ தூஸில் எல்லைக்கல்லைப்
பதினொரு மீட்டர் கடலை நோக்கி நகர்த்தியவள்.

அந்தக் கரைக்கு நான் போனது ஒரே ஒரு முறை.
ஒரு கல்யாணம். மழை.

நகர்த்தியவர் ஆர். சின்னபென், மஹேபூர். ஒரு 'பி'.
நான் ஆர். சின்னப்பென், ரோஸ் ஹில். இரண்டு.
கப்பலிலிருந்து இறங்கிய ஒரே சின்னப்பனை
இரண்டு துறைமுக எழுத்தர்கள்
இரண்டு விதமாய்க் கேட்டிருக்கலாம்.
சொந்தமா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கோயில் மாலை வகுப்பில்
ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் போகும்.
ஒற்றுக்கு அளவே அரை மாத்திரைதான்,
கண்ணிமைப்பில் பாதி.

மேத்ர் லாவிக்தார் சொன்னாள்: முதலில் கடிதம்.
கூடவே சத்தியக் கடதாசி, பதிவுச் சான்று,
அந்த வாரம் நான் ரொத்ரிக் தீவில் இருந்ததற்கு
விமானச் சீட்டின் அடிக்கட்டை.
பதில் இல்லை.
இன்னொரு கடிதம். "பரிசீலிக்கிறோம்."
பிறகு மனு. தவணை.
எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், தவணை.
புயல், மூன்றாம் எச்சரிக்கை, கோர்ட்டு மூடல்,
தவணை.

இதற்குள் வங்கி தன் அளவையாளர் பட்டியலைப் புதுப்பித்தது.
காப்பீட்டுக்காரர்கள் அனுதாபத்தோடு பிரீமியத்தை ஏற்றினார்கள்.
சங்க விருந்தில் ஒருவர் மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கியபடி,
"நெருப்பில்லாமல் புகையுமா" என்றார், வேறு எதைப் பற்றியோ போல.
இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் எழுதினார்:
காலையில் அரை மாத்திரை.
சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.

பதினான்காம் மாதம், போர்ட் லூயியில், நான்கு நிமிடம்.
என்னை வழக்குக்கு வெளியே வைத்தார்கள்.
அதுதான் சட்டச்சொல், வெளியே வைப்பது,
ஈரக்குடையை வைப்பதுபோல.
செலவுத்தொகை உண்டு; கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும்.
தீர்ப்பின் தலைப்பிலோ
நான்காம் வரியில் இன்னும் இருக்கிறேன்.
பிடுங்கிய கல்லுக்குக் குழி உண்டு,
இது என் தொழில், எனக்குத் தெரியாதா.

"நஷ்டஈடு கேட்கலாமா?"
"கேட்கலாம். ஆனால் தப்பு மட்டும் போதாது, வன்மம் வேண்டும்.
இல்லையேல் வன்மத்துக்கு ஈடான அலட்சியம்."
"இரண்டு கடிதம் படித்தும் விடாமல் இருந்தது?"
"அதை வைத்துத்தான் வண்டி ஓட்ட வேண்டும், மதாம்."

வரைவு வந்தது.
முதலில் கம்பெனி. அடுத்து அதன் வக்கீல்.
மூன்றாவதாக ழான்-நோயெல் பெரின், தட்டச்சர்.
"இது யார்?"
"பதிவேட்டைப் பார்த்து உங்கள் முகவரியைப் போட்ட பையன்.
எல்லாரையும் சேர்த்துவிடுவோம்.
வேண்டாதவர்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
இதே வாக்கியத்தை, இதே அக்கறையோடு,
ஏதோ ஒரு அறையில்
என்னைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள்.

பேனாவை வாங்கி மூன்றாம் பெயரை அடித்தேன்,
ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
மற்ற இரண்டையும் பதிவுச் சான்றோடு
எழுத்தெழுத்தாய் ஒத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.
பிறகு கையெழுத்து.
பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அந்தப் பணம் எனக்கு வேண்டும்.

தவணை ஆகஸ்டில்.

இன்று ஃப்ளாக் வயலில் நான்காவது கல்லும் இறங்கியது.
வரைபடத்தைப் பார்த்த தங்கைக்காரி கேட்கிறாள்,
கையெழுத்து ஏன் இத்தனை பெரிதாய் என்று.
எண்ணிப் பார், என்கிறேன்,
இரண்டு 'பி' இருக்கிறதா?